வீட்டுச் சுவரைச் சுற்றி வெளியே எறும்புப் புற்றுகள், கல் இடுக்கெல்லாம் மண் குவிகிறது. என்ன செய்யலாம்?

சாளரம்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு வெளிச்சுவரை ஒட்டி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் எறும்பு புற்று வைத்திருக்கிறது. பக்கவாட்டில் நடப்பதற்குக் கல் பதித்திருக்கிறோம், அந்தக் கல் இடுக்குகளில்தான் மிக அதிகம். காலையில் பெருக்கித் தள்ளினால் சாயங்காலத்துக்குள் பொடி மண் மறுபடியும் குவியல் குவியலாக வந்து நிற்கிறது. ஒரு கல் லேசாக ஆடவும் ஆரம்பித்துவிட்டது. இது இப்படியே அஸ்திவாரம் வரைக்கும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இவ்வளவு நாள் வெளியே இருந்த வரைக்கும் நான் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இப்போது ஜன்னல் சட்டத்துக்கு அடியில் இருக்கும் விரிசல் வழியாக எறும்புச் சாரை ஒன்று உள்ளேயும் வருகிறது. கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடித்துப் பார்த்தேன், அடித்த இடத்தில் எல்லாம் செத்து விழுகின்றன, ஆனால் கொஞ்ச நாளில் நாலடி தள்ளிப் புதிதாக இன்னொரு துளை. தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், கொதிக்கும் தண்ணீர் ஊற்று என்கிறார் ஒருவர், மண்ணெண்ணெய் ஊற்று என்கிறார் இன்னொருவர். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, நாய் இருக்கிறது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு எதையும் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

சுவரோரம் இருப்பது சின்ன கருப்பு எறும்பு, கடிப்பதில்லை. பின்பக்கம் குழாயடியில் மட்டும் சிவப்பாக வேறு ஒரு வகை இருக்கிறது, அது கடித்தால் நெருப்பு பட்டது போல எரிகிறது, மறுநாள் சின்னதாகச் சீழ்க்கொப்புளம் வருகிறது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மண்புழு:

முதலில் அந்த அஸ்திவாரப் பயத்தை விடுங்கள். எறும்பு கான்கிரீட்டையோ செங்கல்லையோ தின்பதில்லை, துளைப்பதும் இல்லை. ஏற்கெனவே இருக்கிற விரிசலையும் இடுக்கையும் பயன்படுத்திக்கொண்டு, அதற்குள் கிடக்கும் மண்ணைத்தான் வெளியே தள்ளுகிறது. கல் ஆடுவது உண்மையான பிரச்சினைதான், ஆனால் அது கல்லுக்கு அடியில் இருக்கும் மணல் குறைவதால் வருவது, வீட்டைத் தாங்குகிற பாகத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், நீங்கள் பார்ப்பது எறும்புதானா, கரையானா என்று. றெக்கை முளைத்த நிலையில் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். எறும்புக்கு இடுப்பு நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும், முன் றெக்கை பெரிது பின் றெக்கை சிறிது. ஈசலுக்கு இடுப்பே தெரியாது, உணர்கொம்பு நேராக இருக்கும், நான்கு றெக்கையும் ஒரே நீளம். சுவரில் மண்ணால் பூசிய குழாய் போலக் கோடு கோடாக ஏறியிருந்தால் அது கரையான், அப்போது இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பொடி மண் உதிரியாகக் குவிந்திருந்தால் எறும்பு.

மர ஜன்னல் என்றால் இன்னொன்றும் பாருங்கள். பெரிய கருப்புக் கட்டெறும்பு வகைகளில் சில, ஈரத்தில் ஊறிய மரத்தைக் குடைந்து உள்ளே கூடு வைக்கும். அவை மரத்தைத் தின்பதில்லை, குடைந்து மரத்தூளை வெளியே கொட்டும். சட்டத்துக்குக் கீழே மரத்தூள் விழுந்திருந்தால் அந்த மரத்தில் எங்கோ தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம், எறும்பை விட அந்தக் கசிவுதான் முக்கியம்.

---

மருந்துத்தெளிப்பான்:

பூச்சி மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவன் நான், அந்த முறையில் சொல்கிறேன். நீங்கள் வாங்கிய ஸ்பிரே நல்ல ஸ்பிரேயாகவே இருக்கலாம், ஆனால் வெளியே அலைகிற எறும்பை எவ்வளவு கொன்றாலும் புற்றுக்குப் பெரிய நஷ்டம் கிடையாது. இரை தேடி வெளியே வருவது ஒரு புற்றில் கொஞ்சம் எறும்புதான். மீதி அத்தனையும் உள்ளே முட்டையையும் புழுவையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, ராணி எங்கோ ஆழத்தில் உட்கார்ந்து முட்டையிட்டுக்கொண்டே இருக்கிறது. ராணி உயிரோடு இருக்கும் வரை செத்ததற்குப் பதில் புதிது வந்துகொண்டேதான் இருக்கும். எறும்பு ராணிக்கு ஆயுசும் கெட்டி. கருப்புத் தோட்ட எறும்பு இனத்தில், வளர்ப்பில் வைத்திருந்த ஒரு ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு உண்டு.

இன்னொரு விஷயம், கடையில் கிடைக்கும் ஸ்பிரே பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. பட்டதும் கொல்லும், அதோடு அந்த வாடை படாத எறும்பை அந்தப் பக்கமே வராமல் விரட்டவும் செய்யும். விரட்டினால் எங்கே போகும்? நாலடி தள்ளிப் போகும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான். சில சின்ன எறும்பு இனங்களில் ஒரே புற்றில் பல ராணிகள் இருக்கும், ஃபாரோ எறும்பு அப்படிப்பட்டது. அதன் மேல் ஸ்பிரே அடித்தால் கூட்டம் உடைந்து, ஒவ்வொரு ராணியோடும் ஒரு பகுதி பிரிந்து போய் வேறு வேறு இடத்தில் கூடு வைத்துவிடும். ஒரு புற்றாக இருந்தது ஐந்தாகும்.

அதனால் நான் எப்போதும் சொல்வது இரை மருந்து. எறும்பு தின்பதை எல்லாம் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. வயிற்றில் ஒரு பொதுப்பை இருக்கிறது, அதில் நிரப்பிக்கொண்டு போய்க் கூட்டில் இருக்கும் மற்ற எறும்புகளுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டும். அப்படி ஊட்டி ஊட்டித்தான் மருந்து ராணி வரை போக வேண்டும், போவதற்கு நேரம் வேண்டும், அதனால் மருந்து மெதுவாக வேலை செய்ய வேண்டும். எடுத்துக்கொண்டு போகிற எறும்பு வழியிலேயே செத்தால் அந்த மருந்தால் பயன் இல்லை.

செய்முறை எளிது. போரிக் பவுடர் 5 கிராம், சர்க்கரை 50 கிராம், இரண்டையும் அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்துக்கொள்ளுங்கள். அதாவது 1 சதவீதம் போரிக் அமிலம், 10 சதவீதம் சர்க்கரை. வெண்காரம்தான் கிடைக்கிறது என்றால் அது ஏழரை கிராம், ஒன்றரை மடங்கு. கரண்டிக் கணக்கில் போடாதீர்கள், தராசில் எடை போடுங்கள், கூடிவிட்டால் கெட்டுவிடும். பஞ்சை இதில் நனைத்து, மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, பக்கவாட்டில் எறும்பு மட்டும் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, சாரை போகும் வழியில் வையுங்கள். வெயில் நேராக விழாத இடம் நல்லது, பஞ்சு காய்ந்தால் புதிதாக நனைத்து வையுங்கள்.

முதலில் எறும்பு மொய்க்கும், முன்பை விட அதிகமாக வந்தது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ஸ்பிரேயை எடுத்தால் எல்லாம் பாழ். அப்படியே விடுங்கள். இது வாரக்கணக்கில் ஆகிற வேலை, இரண்டு நாளில் முடிவு கேட்பவர்களுக்கு இது ஒத்துவராது.

குழந்தை, நாய் இருப்பதால் சொல்கிறேன்: போரிக் அமிலம் வாய்க்குள் போனால் குழந்தைக்கு ஆபத்து, சர்க்கரை சேர்ந்திருப்பதால் நாயும் நக்கப் பார்க்கும். மூடி அழுத்தமாக இருக்க வேண்டும், டப்பாவை ஒரு கனமான செங்கல்லுக்கு அடியிலோ குழந்தையின் கை எட்டாத இடுக்கிலோ நகராதபடி வைக்க வேண்டும், மேலே "விஷம்" என்று எழுதி ஒட்டுங்கள். கலக்கிய பாத்திரத்தைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். மிச்சத்தைச் செடிக்கும் ஊற்றாதீர்கள், போரான் அதிகமானால் செடி கருகும்.

---

நிழல்மரம்:

எல்லோரும் கொல்வதைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு பக்கம் நின்று பேசுகிறேன். வீட்டுக்கு வெளியே மண்ணில் வாழும் கருப்பு எறும்பு உண்மையில் உங்களுக்கு வேலைதான் செய்துகொண்டிருக்கிறது. மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுக்கிறது, செத்த பூச்சிகளை இழுத்துக்கொண்டு போகிறது, ஈயின் புழுக்களைத் தின்கிறது, கரையானுக்கு எறும்பை விடப் பெரிய எதிரி கிடையாது. அடியோடு அழித்தீர்கள் என்றால் அந்த இடம் காலியாகக் கிடக்காது, பக்கத்தில் இருந்து வேறு ஒரு கூட்டம் வந்து குடியேறும், அது கடிக்கிற வகையாகக்கூட இருக்கலாம். தோட்டத்து மூலையில் இருப்பதை விட்டுவிடுங்கள். சுவரை ஒட்டி இருப்பதையும் உள்ளே வருவதையும் மட்டும் கவனியுங்கள்.

சுவரோரம் அவற்றுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். கல்லும் சுவரும் பகலில் சூடு வாங்கி ராத்திரி வரை வைத்திருக்கும், அடியில் மண் ஈரமாக இருக்கும், மழை நேராக விழாது. எறும்புக்கு இதை விட வேறு என்ன வேண்டும். இதில் நம்மால் மாற்ற முடிந்தது ஈரம்தான். ஏசி தண்ணீர் சுவரடியில் சொட்டுகிறதா, குழாய் ஒழுகுகிறதா, கூரைத் தண்ணீர் அங்கேயே விழுந்து தேங்குகிறதா, செடிக்கு விடும் தண்ணீர் சுவரை நனைக்கிறதா, ஒவ்வொன்றாகப் பாருங்கள். காய்ந்த இலையும் மரப்பட்டையும் செடிக்கு மூடாக்காகப் போட்டிருந்தால் சுவரில் இருந்து ஓரடியாவது தள்ளிப் போடுங்கள். விறகு, பழைய பலகை, பூந்தொட்டி என்று சுவரில் சாய்த்து வைத்திருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள், தூக்கினால் அடியில் வெள்ளை வெள்ளையாக முட்டையும் கூட்டுப்புழுவும் இருக்கும் பாருங்கள்.

அப்புறம் செடிகள். சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கிளை ஒன்று இருந்தால் போதும், கீழே எவ்வளவு அடைத்தாலும் மேலே ஏறி வந்துவிடும். அதைவிட முக்கியம், அந்தச் செடியில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பாருங்கள். அவை சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியே விடும். எறும்புக்கு அது அள்ள அள்ளக் குறையாத சாப்பாடு. அதற்காகவே அந்தப் பூச்சிகளைக் காவல் காக்கும், தின்ன வருகிற பொறிவண்டை விரட்டும். இந்தச் செடியைச் சுத்தம் செய்யாமல் எறும்பை மட்டும் துரத்துவது நடக்காத காரியம். தண்ணீரைப் பீச்சி அடித்துக் கழுவுங்கள், போகவில்லை என்றால் சோப்புக் கரைசல், அதிகமாகப் பிடித்த கிளையை வெட்டி எறிந்துவிடுங்கள்.

ஜன்னல் விரிசலை அடைத்துவிடுங்கள். சாரை வந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், அவை வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வினிகரும் தடத்தை அழிக்கும், ஆனால் அதனால் புற்றுக்கு ஒன்றும் ஆகாது.

---

வெள்ளைக்கோடு:

இவ்வளவு சுற்றுவது எதற்கு? எறும்புச் சாக்பீஸை வாங்கிச் சுவரைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள், போரிக் பவுடரை அப்படியே புற்று வாயில் கொட்டுங்கள், வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் காலம் காலமாக இதுதான். ரவை மாதிரி உடைத்த தானியத்தைத் தூவினாலும் தின்றுவிட்டு வயிறு ஊதிச் செத்துவிடும் என்பார்கள்.

---

மருந்துத்தெளிப்பான்:

வெள்ளைக்கோடு அண்ணா, மரியாதையோடு சொல்கிறேன், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். அதிலும் பைரித்ராய்டு மருந்துதான் இருக்கிறது. பார்க்க எழுதுகிற சாக்பீஸ் போலவே இருப்பதுதான் அதன் பெரிய ஆபத்து, குழந்தை எடுத்து வாயில் வைத்துவிடும். கோடும் மழை பட்டால் போய்விடும், வெளிச்சுவருக்கு எப்படி நிற்கும்?

போரிக் பவுடரை அள்ளிக் கொட்டினால் எறும்பு அதைச் சுற்றிக்கொண்டு போகும், யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அளவு குறைவாக இருந்தால்தான் நம்பி எடுக்கும். தானியக் கதையும் நடக்காது. வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்கவே முடியாது, நீர்மமாக மட்டும்தான் உறிஞ்சும். தூளைத் தூக்கிக்கொண்டு போகும், அது உண்மை, ஆனால் புழுவிடம் கொடுத்து அது கரைத்துத் தரும் சாற்றைத்தான் குடிக்கும். அதில் வயிறு வெடிக்க வழியே இல்லை.

---

சாளரம்:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. மரத்தூள் எதுவும் இல்லை, சுவரில் மண் குழாயும் இல்லை, அதனால் கரையான் இல்லை என்று நிம்மதி. நிழல்மரம் அக்கா சொன்னபடி இலையைத் திருப்பிப் பார்த்தேன், ஜன்னலுக்குக் கீழே இருக்கும் செம்பருத்தியில் தண்டு முழுக்க வெள்ளையாக மாவுப்பூச்சி, அதன் மேலேயே எறும்பு ஓடுகிறது. ஏசி தண்ணீரும் அதே மூலையில்தான் விழுகிறது! ஒரே இடத்தில் எல்லாமே சேர்ந்திருக்கிறது.

சர்க்கரைத் தண்ணீரையும் கொஞ்சம் எண்ணெயையும் மருந்து சேர்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கருப்பு எறும்பு சர்க்கரைக்கு ஓடியது. குழாயடிச் சிவப்பு எறும்பு சர்க்கரையை எட்டிப் பார்த்துவிட்டு எண்ணெய்ப் பக்கம் போய்விட்டது. அப்படியானால் சிவப்புக்கு என்ன செய்வது? அங்கே கொதிநீர் ஊற்றினால் போதுமா? குழந்தை தவழ்வதை நிறுத்தி நடக்க ஆரம்பித்தால் முதலில் போய் நிற்கிற இடம் அந்தக் குழாயடிதான்.

---

ஈரமண்:

நீங்கள் வைத்துப் பார்த்தது நல்ல சோதனை. மருந்து வாங்கும் முன் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரே புற்றுகூட எல்லா நேரமும் ஒன்றையே கேட்காது. உள்ளே புழுக்கள் அதிகம் இருக்கும் காலத்தில் புரதமும் கொழுப்பும் தேடும், மற்ற நேரத்தில் இனிப்பு.

எரிச்சலும் மறுநாள் சீழ்க்கொப்புளமும் வந்தால் அது நெருப்பெறும்பு வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு வாலில் இருக்கும் கொடுக்கால் கொட்டும், ஒரே எறும்பு திரும்பத் திரும்பக் கொட்டும். காலில் ஏறிவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பயன் இல்லை, கவ்விக்கொண்டே இருக்கும், கையாலோ துணியாலோ வேகமாகத் தட்டித் தேய்த்து விடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கொட்டியதும் உடம்பெல்லாம் தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். குழந்தை இருப்பதால் இந்த ஒரு புற்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

கொதிநீரைப் பற்றிக் கேட்டீர்கள். வேலை செய்யும், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். ஒரு புற்றுக்கு ஏறக்குறைய 11 லிட்டர் ஊற்றினால் நூற்றுக்கு அறுபது புற்று அழியும் என்பது நெருப்பெறும்புக்கு வழக்கமாகச் சொல்கிற கணக்கு. ஒரு கெட்டில் தண்ணீரில் மேலே இருப்பது மட்டும் சாகும், புற்று ஒரு மீட்டருக்கு மேலேகூட ஆழம் போகும். ஊற்றுவதானால், குளிர்ந்த ராத்திரிக்குப் பிறகு வெயில் வந்த காலை நேரத்தில் ஊற்றுங்கள், அப்போது சூட்டுக்காக ராணியும் புழுவும் மேல்தட்டுக்கு வந்திருக்கும். காலில் ஷூ, கையில் பிடிதுணி, குழந்தையும் நாயும் வீட்டுக்குள். பக்கத்தில் இருக்கும் செடியின் வேரும் வெந்துபோகும் என்பதை மறக்காதீர்கள். பிளாஸ்டிக் குழாய் மண்ணுக்கடியில் ஓடுகிறது என்றால் அந்த இடத்தில் வேண்டாம்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். தீப்பிடிக்கிற ஆபத்து ஒரு பக்கம், மண்ணில் இறங்கினால் அங்கே நெடுநாள் எதுவும் முளைக்காது, நிலத்தடி நீரில் கலக்கும். குழாயடியில் இதைச் செய்வதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

எண்ணெய் ஊறிய குருணை வடிவில் நெருப்பெறும்புக்கென்றே இரை மருந்து விற்கிறார்கள், சிவப்புக்கு அதுதான் சரி. புற்றின் மேல் கொட்டாதீர்கள், புற்றைக் குச்சியால் கிளறியும் விடாதீர்கள், கலைத்தால் இரை எடுப்பதை விட்டுவிட்டுச் சண்டைக்கு நிற்கும். புற்றைச் சுற்றி ஓரிரு அடி தள்ளி லேசாகத் தூவுங்கள். தரை காய்ந்திருக்க வேண்டும், அடுத்த ஒரு நாளாவது மழையோ தண்ணீரோ படக் கூடாது, நனைந்த குருணையை எறும்பு தொடாது. இதில் சில மருந்து வெயிலில் வீரியம் போய்விடும், அதனால் சாயங்காலம் தூவுவது நல்லது. நிறைய நாள் திறந்து வைத்த பொட்டலத்தில் எண்ணெய் கெட்டு வாடை வரும், அதையும் எடுக்காது. தூவிய இடத்தில் குழந்தையும் நாயும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அட்டையில் எழுதியிருக்கும் அளவை மீறாதீர்கள்.

குழாயடிப் பக்கம் மோட்டார் பெட்டியோ ஏசியின் வெளி யூனிட்டோ இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். நெருப்பெறும்பு மின்பெட்டிக்குள் புகுந்து காண்டாக்டில் சிக்கிச் செத்து, அதனால் இணைப்பே கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

---

கொத்துக்கரண்டி:

கல் பதிக்கிற வேலை எனக்குத் தெரியும், அதனால் அந்த ஆடுகிற கல்லைப் பற்றி மட்டும். பெரும்பாலான இடங்களில் எறும்பு வருவதற்கு முன்பே தப்பு நடந்திருக்கும். அடியில் கெட்டிக்காமல் வெறும் மணலைக் கொட்டிக் கல்லை வைத்திருப்பார்கள், இடுக்கிலும் மணல் பாதிதான் இருக்கும். எறும்புக்குத் தோண்டக் கிடைத்த சுகமான இடம் அது. அது வெளியே தள்ளிய மண்ணை நீங்கள் தினமும் பெருக்கிக் கொட்டிவிடுகிறீர்கள், மழைத் தண்ணீர் மீதியை அரித்துக்கொண்டு போகிறது, கல் இறங்குகிறது.

எறும்பு அடங்கின பிறகு ஆடுகிற கல்லையும் அதைச் சுற்றி இருக்கிற நாலைந்து கல்லையும் எடுங்கள். அடியில் ஜல்லித்தூள் போட்டுத் தண்ணீர் தெளித்து நன்றாகத் திமிசு போடுங்கள், அதன் மேல் மணல் மெலிதாக இருந்தால் போதும். இடுக்குக்குச் சாதாரண மணலுக்குப் பதிலாக, தண்ணீர் பட்டதும் இறுகிக்கொள்ளும் பாலிமர் மணல் போட்டால் எறும்பு தோண்டுவது கஷ்டம். முழுக்கத் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிறைய குறையும். கல்லின் சரிவு சுவரில் இருந்து வெளியே போகிற மாதிரி இருக்கட்டும். சுவர்ப் பக்கம் சரிந்திருந்தால் எத்தனை முறை மணல் போட்டாலும் அந்த இடம் ஈரமாகவே இருக்கும், எறும்பும் திரும்பி வரும்.

சிமெண்ட் கலவையை ஊற்றி இடுக்கை அடைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கெட்டியாகப் பதித்த அடித்தளம் இல்லை என்றால் அது விரிசல் விடும், அப்புறம் அந்த விரிசலுக்குள் குடியேறும்.

---

நிழல்மரம்:

ஈரமண் சொன்னதை நான் எதிர்க்கவில்லை, குழந்தை புழங்குகிற இடத்தில் நெருப்பெறும்பு இருக்கக் கூடாதுதான். ஒரு வேண்டுகோள் மட்டும், கடைசியில் பொறுமை இழந்து யாரையாவது கூப்பிட்டு வீட்டைச் சுற்றி மருந்து அடிக்க வைத்தால், பூத்திருக்கும் செடி மேல் படாமல் அடிக்கச் சொல்லுங்கள். ஃபிப்ரோனில் என்கிற பூச்சி மருந்து தேனீக்குக் கடும் விஷம். பைரித்ராய்டு மீனுக்கு ஆகாது, தொட்டியில் மீன் வளர்த்தால் மூடிவிடுங்கள். அக்கம்பக்கத்தில் பூனை வந்து போகுமானால், பைரித்ராய்டு வகையில் ஒன்றான பெர்மெத்ரின் காயும் வரை அதை அண்ட விடாதீர்கள், நாயைப் போலப் பூனையால் அதைத் தாங்க முடியாது.

---

சாளரம்:

சரி, கிட்டத்தட்டத் தெளிவாகிவிட்டது. ஏசி குழாயை நீட்டி வடிகாலில் விடச் சொல்லியிருக்கிறேன், செம்பருத்தியை வெட்டிக் கழுவப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம். ஜன்னல் விரிசலை இப்போதே அடைத்துவிட்டு டப்பாவை வைக்கவா, அல்லது டப்பாவை வைத்து எறும்பு குறைந்த பிறகு அடைக்கவா? வீட்டுக்குள் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கஷ்டமாக இருக்கிறது. இன்னொன்று, மழை தொடங்கிவிட்டால் இந்த டப்பா வேலை செய்யுமா?

---

மருந்துத்தெளிப்பான்:

கூடு வெளியேதான் இருக்கிறது என்பது உறுதியானால் இப்போதே அடைத்துவிடலாம். உறுதி செய்வது எப்படி என்றால், சாரையைப் பின்னால் தொடர்ந்து பாருங்கள், இரையைச் சுமந்துகொண்டு போகிற எறும்பு எந்தப் பக்கம் போகிறதோ அங்கேதான் கூடு. வெளியே இறங்கிக் கல் இடுக்குக்குப் போனால் அடைத்துவிட்டு டப்பாவை வெளிப்பக்கம் வையுங்கள். சட்டத்துக்குள்ளேயே போய் மறைந்தால் சுவருக்குள் கூடு இருக்கிறது, அப்போது அடைத்தால் வேறு ஓட்டை தேடி அறைக்குள் வரும். அந்த நிலையில் டப்பாவை முதலில் வையுங்கள், நடமாட்டம் நின்ற பிறகு அடையுங்கள். டப்பா வைத்த பக்கம் ஸ்பிரேயும் வினிகரும் வேண்டாம், தடத்தை நீங்களே அழித்துவிட்டால் டப்பாவுக்கு எப்படி வந்து சேரும்? வீட்டுக்குள் இருக்கும் தடத்தை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள்.

மழையில் டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்து மருந்து நீர்த்துப்போகும், அதனால் சன்ஷேடுக்கு அடியில் அல்லது கவிழ்த்த தொட்டி ஓட்டுக்குள் வையுங்கள். பெரிய மழை பெய்தால் புற்றுக்குள் தண்ணீர் ஏறும், முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடான இடம் தேடி வரும், மேடு என்றால் அது உங்கள் வீடுதான். அந்த ஓரிரு நாளில் உள்ளே கூட்டமாக வந்தால் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், வெளியே காய்ந்ததும் பஞ்சைப் புதிதாக நனைத்து மறுபடி அதே இடத்தில் வையுங்கள். முடிந்தால் விரிசலை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.